இன்குபேட்டருக்கு வெளியே நிற்பவருக்கு என்ன தெரியும்? – பச்சிளம் குழந்தை, சிறார் செவிலிய ஆய்வு: ஓர் அறிமுகம்

முப்பதாவது வாரத்தில் பிறந்த குழந்தை ஒன்று இன்குபேட்டருக்குள் படுத்திருக்கிறது. எடை 1,200 கிராம். இதயத்துடிப்பு, மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் என்று மூன்று கோடுகள் மானிட்டரில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எத்தனை மில்லி பால் குழாய் வழியே போனது, இரவில் எத்தனை முறை மூச்சு நின்று திரும்பியது, எல்லாவற்றையும் செவிலியர் தாளில் குறித்து வைக்கிறார். கண்ணாடிக்கு வெளியே குழந்தையின் அம்மா நிற்கிறார். தொடலாமா என்று கேட்க நினைக்கிறார். கேட்டால் தொந்தரவு செய்வதாக நினைத்துவிடுவார்களோ என்று தயங்கி, கையை மடக்கிக்கொள்கிறார். அந்தத் தயக்கம் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை.

ஏறாமல் போகும் இந்த விஷயங்களைத் தேடி எடுத்து, எண்ணிப் பார்த்து, ஒப்பிட்டு, அடுத்து வரும் குழந்தைக்கு உதவும்படி செய்கிற ஒரு துறை இருக்கிறது. பச்சிளம் குழந்தை மற்றும் சிறார் செவிலிய ஆய்வு என்று அதைச் சொல்லலாம். பிறந்து 28 நாள் வரையுள்ள சிசுவைப் பச்சிளம் குழந்தை என்று மருத்துவம் கணக்கிடுகிறது. அதற்கு மேல், வளரிளம் பருவம் வரை உள்ளவர்கள் சிறார் செவிலியரின் பொறுப்பு. இந்த மருந்தை எத்தனை மில்லிகிராம் கொடுப்பது என்பது மருத்துவ ஆய்வின் கேள்வி. ஊசி போடும்போது குழந்தை யார் மடியில் இருக்க வேண்டும், வார்டின் விளக்கை எப்போது குறைக்கலாம், பெற்றோர் எந்நேரமும் உள்ளே வந்தால் என்ன ஆகும், வீட்டுக்கு அனுப்பும் நாளில் எதைச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் தடுமாறாமல் இருப்பார்கள் என்பவை செவிலிய ஆய்வின் கேள்விகள். சின்னக் கேள்விகளாகத்தான் தெரியும். ஆனால் அந்த 1,200 கிராம் குழந்தையின் இருபத்துநான்கு மணி நேரமும் இவற்றால்தான் நிரம்பியிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. பிறக்கும் குழந்தைகளில் பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் குடும்பத்துக்கு ஏன் இவ்வளவு இடம் என்று புதிதாகப் படிப்பவருக்குத் தோன்றும். வளர்ந்த நோயாளிக்கு வலித்தால் அவரே சொல்வார். சிசுவால் சொல்ல முடியாது. அதற்காகப் பேசுபவர் பெற்றோர். டிஸ்சார்ஜ் ஆனபிறகு பராமரிக்கப்போகிறவரும் அவரே. அதோடு, அந்த அறையில் அவரும் ஒருவகையில் அடிபட்டவர்தான். பிரசவ உடம்பு தேறாத தாய், தூங்கி மூன்று நாளான தந்தை. சாட்சி, பராமரிப்பவர், பாதிக்கப்பட்டவர் என மூன்று நிலைகளிலும் ஒரே ஆள் நிற்பதால், குடும்பத்தின் அனுபவத்தை ஒதுக்கிவிட்டுக் குழந்தையை மட்டும் ஆராய்வது முடியாத காரியம். இதை உலகம் ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

'பழகிவிட்டது' என்ற குழந்தை

1940களின் இறுதியில் லண்டன் மருத்துவமனைகளில் குழந்தை நோயாளியைப் பெற்றோர் பார்க்க இருந்த விதிகளை இன்று படித்தால் மனம் கனக்கிறது. ஒரு மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும். இன்னொன்றில் முதல் மாதம் பார்க்கவே கூடாது, குழந்தை தூங்கும்போது தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். இதைக் கொடுமை என்று யாரும் நினைக்கவில்லை. அதற்கு ஓர் அவதானிப்பும் ஆதாரமாக இருந்தது. அம்மா வந்து போனால் குழந்தை அலறுகிறது. வராவிட்டால் சில நாள் அழுதுவிட்டு அடங்கிவிடுகிறது. ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்று முடிவுகட்டினார்கள்.

அவதானித்தது சரி, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. இதைக் கண்டவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர். தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஜான் பவுல்பியோடு பணியாற்றிய அவர், வார்டுகளில் நாள்கணக்கில் உட்கார்ந்து, பிரிக்கப்பட்ட சிறு குழந்தைகளைப் பார்த்தார். முதலில் அழுகையும் எதிர்ப்பும். பிறகு சோர்ந்துபோன மௌனம். அதன்பிறகு யார் வந்தாலும் சிரிக்கும், அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு விலகல். ஊழியர்கள் 'பழகிவிட்டது' என்று எழுதி வைத்த நிலை, உண்மையில் நம்பிக்கை இழந்த நிலை. அடங்கிய குழந்தை ஆறுதலடைந்த குழந்தை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சொன்னபோது யாரும் நம்பவில்லை. எனவே 1952இல் ஒரு படம் எடுத்தார். சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டரை வயதுப் பெண்குழந்தையைப் பற்றியது அது. இந்தத் துறைக்குப் புதியவர்கள் இதில் கவனிக்க வேண்டியது அவர் அதை எடுத்த முறை. தன் கருத்துக்கு ஏற்ற, அழுகிற குழந்தையாகப் பார்த்து அவர் பொறுக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு நாளும் குறித்த நேரங்களில் மட்டும் படமெடுத்தார். சுவர்க் கடிகாரமும் காட்சியில் இருந்தது. வேண்டிய காட்சியை மட்டும் வெட்டி ஒட்டினாய் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதே நோக்கம். அப்படியும் முதலில் பார்த்த மருத்துவர்களும் செவிலியர்களும் கொதித்தார்கள், தங்கள் பணியை அவமதிப்பதாக. ஏழு ஆண்டு கழித்து, 1959இல், மருத்துவமனையில் உள்ள குழந்தைகளின் நலனை ஆராய பிரிட்டனில் அமைக்கப்பட்ட பிளாட் குழு தந்த அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு குழந்தைகளோடு தாய் தங்க வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை வந்தும் வார்டுக் கதவுகள் மெதுவாகத்தான் திறந்தன. 1961இல் தாய்மார்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து அதற்காகப் போராட வேண்டியிருந்தது.

கேட்காத குரல் எப்படித் தவறான முடிவாக உறைகிறது என்பதற்கு இன்னொரு சான்று, இதைவிடக் கடுமையானது. 1980களின் நடுப்பகுதி வரை, பச்சிளம் குழந்தைகளுக்கு வலி பெரிதாகத் தெரியாது, மயக்கமருந்து அவர்களுக்கு ஆபத்து என்ற எண்ணத்தில், அசையாமல் இருக்கும் மருந்தை மட்டும் கொடுத்து அறுவைச் சிகிச்சை செய்வது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. 1985இல் அமெரிக்காவில் அப்படி அறுவைச் சிகிச்சைக்குள்ளான ஒரு குறைமாதக் குழந்தை பிறகு இறந்துபோனது. அதன் தாய் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அவர் கடிதம் மேல் கடிதமாக எழுதினார், செய்தித்தாள்கள் எடுத்துக்கொண்டன. அதே காலத்தில் கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வு 1987இல் வெளிவந்தது. சரியான வலிநிவாரணி பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடலில் நெருக்கடி ஹார்மோன்கள் குறைவாகச் சுரந்தன, சிக்கல்களும் குறைந்தன. அந்த வருடமே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. ஒரு தாயின் கேள்வியும் ஓர் ஆய்வகத்தின் எண்களும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததால் நடந்த மாற்றம் இது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று யோசிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

வலி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாயிற்று. அதை அளப்பது எப்படி? இந்த இடத்தில் செவிலிய ஆய்வாளர்கள் பெரும்பங்காற்றினார்கள். கனடாவின் போனி ஸ்டீவன்ஸ் தன் குழுவோடு 1996இல் வெளியிட்ட அளவுகோல் ஏழு விஷயங்களைப் பார்க்கிறது. புருவம் புடைக்கிறதா, கண்கள் இறுக மூடுகின்றனவா, மூக்கிலிருந்து உதடுவரை உள்ள மடிப்பு ஆழமாகிறதா, இதயத்துடிப்பு எவ்வளவு ஏறியது, ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, குழந்தை விழித்திருந்ததா, எத்தனை வாரத்தில் பிறந்தது. கடைசி இரண்டும் ஏன் என்று கேட்டால், மிகக் குறைமாதக் குழந்தைக்கு வலியை முகத்தில் காட்டும் தெம்புகூட இருக்காது. அது குறைவாகக் காட்டுவதை வைத்து வலியும் குறைவு என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தத் திருத்தம். 'பழகிவிட்ட' குழந்தையின் பாடம் இங்கே ஒரு மதிப்பெண் முறையாக மாறியிருக்கிறது. அளவுகோல் கிடைத்தபிறகுதான், குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது அம்மாவின் மார்போடு ஒட்டியிருக்கும் குழந்தைக்கு வலி குறைகிறது என்பதை எண்களில் காட்ட முடிந்தது. அந்த ஆய்வுகளை முன்னெடுத்த செலஸ்ட் ஜான்ஸ்டனும் ஒரு செவிலியரே.

மார்போடு அணைத்த குழந்தை

ஓர் எளிய யோசனை எப்படி நம்பத்தகுந்த அறிவாக மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள கங்காரு பராமரிப்பின் கதையைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவரின் வார்டில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒன்றில் இரண்டு குழந்தைகளைப் படுக்கவைக்க வேண்டிய நிலை, தொற்று பரவியது, தாயிடமிருந்து பிரித்து வைக்கப்பட்ட குழந்தைகள் சில கைவிடவும்பட்டன. கங்காரு தன் குட்டியைச் சுமப்பதுபோல், அவர் தாயின் வெற்று மார்போடு குழந்தையை நிமிர்த்திக் கட்டிவிட்டார். தாயின் உடல் வெப்பமே இன்குபேட்டர் ஆனது.

நல்ல யோசனைதான். ஆனாலும் 'எங்கள் வார்டில் செய்தோம், நன்றாக இருந்தது' என்பது சான்றாகாது. அந்தக் குழந்தைகள் முதலிலேயே கொஞ்சம் தெம்பானவையாக இருந்திருக்கலாம். அக்கறையுள்ள தாய்மார்கள் மட்டும் சம்மதித்திருக்கலாம். அதனால் 1990களில் நத்தலி சார்பாக் குழுவினர் பொகோட்டாவிலேயே குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டார்கள். குலுக்கல் முறை என்றால், யாருக்கு எந்தப் பராமரிப்பு என்பதைத் தாயோ மருத்துவரோ தீர்மானிக்காமல், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் முடிவாவது. அப்படிச் செய்தால் தெம்பானவர்களும் நலிந்தவர்களும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள். கடைசியில் தெரியும் வித்தியாசத்துக்குப் பராமரிப்புதான் காரணம் என்று துணிந்து சொல்லலாம். இருபது ஆண்டு கழித்து அதே குழந்தைகளை, அப்போது இளைஞர்கள், தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். மார்போடு அணைத்து வளர்க்கப்பட்டவர்களிடம் முரட்டுத்தனம் குறைவாக இருந்தது. பள்ளிக்கு மட்டம்போட்டதும் குறைவு.

அப்போதும் ஒரு கேள்வி மிச்சம். குழந்தையின் நிலைமை சீரானபிறகே மார்போடு அணைக்க விட்டார்கள். சீராவதற்கு முன்பே, பிறந்த உடனேயே செய்தால்? பல செவிலியர்களுக்கே பயமான யோசனை அது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1 கிலோ முதல் 1.799 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகளை வைத்து அதைச் சோதித்தது. ஒரு பிரிவில் பிறந்தவுடன் தொடங்கினார்கள். தீவிர சிகிச்சையில் இருக்கும்போதே நாளுக்குச் சுமார் 17 மணி நேரம் குழந்தை அம்மாவின் மேல். மறு பிரிவில் அந்தக் கட்டத்தில் நாளுக்கு ஒன்றரை மணி நேரம். 28 நாளுக்குள் இறந்தவை முதல் பிரிவில் நூற்றுக்கு 12.0, மறு பிரிவில் 15.7. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததும், மறு பிரிவுக் குழந்தைகளுக்கு இதை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2021இல் முடிவு வெளியானது. பிறந்தவுடன் தொடங்குங்கள், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யுங்கள் என்று 2022இல் அந்த நிறுவனம் பரிந்துரைத்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாளுக்கு 17 மணி நேரம் குழந்தை அம்மாவின் மேல் இருக்க வேண்டுமென்றால் அம்மா எங்கே இருக்க வேண்டும்? தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே. அதற்காக அந்த ஆய்வில் தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்தே தீவிர சிகிச்சைப் பிரிவுகளை அமைத்தார்கள். அம்மாவுக்குக் கட்டில், உணவு, அவருடைய தையலையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க ஆள். எனவே பலன் தந்தது தோலோடு தோல் பட்டதா, சீக்கிரம் கிடைத்த தாய்ப்பாலா, குழந்தையைத் தொட்ட கைகளின் எண்ணிக்கை குறைந்ததா, எந்நேரமும் ஒரு ஜோடிக் கண் அதன் மேல் இருந்ததா? இவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாது. என்னளவில் அந்தக் குழப்பமே ஒரு நல்ல சேதி. பார்வையாளராக வந்துபோகிறவர் என்ற இடத்திலிருந்து அம்மா சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிட்டார்.

பரிந்துரை வந்துவிட்டால் வார்டில் நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சாய்ந்து உட்கார நாற்காலி இல்லை, மறைப்புத் திரை இல்லை, டியூப் கழன்றுவிடுமோ என்ற பயம், ஒரு ஷிப்டில் ஒருவர் பார்க்க வேண்டிய குழந்தைகள் அதிகம். வென்டிலேட்டரில் உள்ள குழந்தையை மார்புக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆள் பெரும்பாலும் வேறு குழந்தையிடம் இருப்பார். இந்தத் தடைகளைக் கண்டுபிடித்து எழுதியவை பெரும்பாலும் செவிலியர்களிடமும் தாய்மார்களிடமும் உட்கார்ந்து பேசிய ஆய்வுகள்தாம்.

திருப்தியா என்று கேட்டால்

டிஸ்சார்ஜ் நாளில் ஒரு தாள் கையில் தருகிறார்கள். 'எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா?' குழந்தை உயிரோடு மடியில் இருக்கிறது. யார் 'இல்லை' என்று எழுதுவார்கள்? நன்றியுணர்ச்சி பெருகும் அந்த நேரத்தில் எல்லோரும் பத்துக்குப் பத்து போடுவார்கள். அதே தாயிடம் மூன்று மாதம் கழித்து, 'முதல் வாரத்தில் ஓர் இரவைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் வேறு கதை வரும். குழந்தையின் மூளை ஸ்கேன் எடுத்ததை அடுத்த ஷிப்ட் செவிலியர் யாரோடோ பேசும்போது தற்செயலாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்வார். இரண்டு பதிலும் உண்மையே. முதலாவதை வைத்து வார்டில் எதையும் மாற்ற முடியாது. இரண்டாவதை வைத்து மாற்ற முடியும்.

அதனால் இந்தத் துறையில் 'திருப்தி'யையும் 'அனுபவ'த்தையும் பிரித்துப் பேசுகிறார்கள். திருப்தி ஒரு தீர்ப்பு. எதிர்பார்ப்பு குறைவாக இருந்தால் கொஞ்சத்திலேயே கிடைத்துவிடும். அனுபவம் என்பது என்ன நடந்தது என்பது. நல்ல கேள்வித்தாள் நடந்ததைக் கேட்கும்: பரிசோதனைக்கு முன்பே உங்களிடம் சொன்னார்களா? ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாகச் சொல்லிக் குழப்பினார்களா? முடிவெடுக்கும்போது உங்களையும் சேர்த்துக்கொண்டார்களா? நெதர்லாந்தில் செவிலியர் யோஸ் லாட்டூர் தலைமையில் உருவான கேள்வித்தாள் வரிசை இப்படிப்பட்டது. தகவல், சிகிச்சையும் பராமரிப்பும், பெற்றோர் பங்கேற்பு, வார்டின் ஒழுங்கமைப்பு, ஊழியர்களின் அணுகுமுறை என்று ஐந்து பகுதிகள் அதில் உண்டு. பல மொழிகளுக்கு அதைக் கொண்டுபோயிருக்கிறார்கள். கொண்டுபோவதும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதோடு முடிவதில்லை. புது மொழியில் அந்தக் கேள்வியைப் பெற்றோர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று முதலில் சிலரிடம் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வித்தாளில் என்ன கேட்பது என்பதே தெரியாதபோது? அப்போதுதான் நேர்காணல். பண்புசார் ஆய்வு என்று இதைச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து பெற்றோரிடம் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பேசி, பேசியதை அப்படியே எழுத்தில் எடுத்து, வரிவரியாகப் படிப்பது. 'பத்துப் பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?' என்று முதன்முறை படிப்பவர் எல்லோரும் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். எத்தனை சதவீதம் பேர் என்று சொல்ல அது வராது. என்னென்ன வகையான அனுபவம் இருக்கிறது, அது எப்படி உருவாகிறது என்று காட்டத்தான் வருகிறது. ஒரு தாய் 'ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கேட்டுத்தான் தொட்டேன்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தந்தை 'என் பிள்ளையைப் பார்க்க விருந்தாளி மாதிரிப் போய்வந்தேன்' என்கிறார். மூன்றாமவர் 'சிஸ்டர்தான் அதற்கு அம்மா மாதிரி, நான் பால் கொண்டுவருகிறவள்' என்கிறார். சொற்கள் வேறு, அடியில் ஓடுவது ஒன்று: பெற்றோராக இருக்கவும் அனுமதி தேவைப்படுகிற நிலை. ஆய்வாளர் அதற்கு ஒரு பெயர் வைக்கிறார். பிறகு தன் பெயர் பொருந்தாத பேச்சு ஏதாவது இருக்கிறதா என்று வேண்டுமென்றே தேடுகிறார். அந்தத் தேடல் இல்லாத பண்புசார் ஆய்வை நான் நம்ப மாட்டேன்.

இப்படிக் கிடைப்பதை எண்ணிக்கையாகவும் மாற்றலாம். அமெரிக்க செவிலிய ஆய்வாளர் மார்கரெட் மைல்ஸ் குழுவினர் 1993இல் வெளியிட்ட பெற்றோர் மன அழுத்த அளவுகோல் மூன்று விஷயங்களைக் கேட்கிறது: அறையின் காட்சிகளும் சத்தங்களும், குழந்தையின் தோற்றமும் நடவடிக்கையும், பெற்றோர் என்ற பாத்திரம் மாறிப்போனது. அலாரச் சத்தமும் டியூப்களும்தான் அதிகம் வாட்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். பல நாடுகளில் திரும்பத் திரும்பச் செய்தபோது, பல இடங்களில் அதிக மதிப்பெண் பெற்றது மூன்றாவது. தன் குழந்தையைத் தானே தூக்க முடியாமல், அது வலிப்படும்போது காப்பாற்ற முடியாமல் நிற்பது. முதல் பத்தியில் நின்றுகொண்டிருந்த அம்மாவின் மடங்கிய கைக்கு இப்போது ஓர் எண் கிடைத்துவிட்டது. வளர்ந்த குழந்தைகளின் வார்டிலும் இதற்கு ஓர் இணை உண்டு. பத்துப் பேர் பார்க்க, அந்நியர்கள் நடுவில் பிள்ளை வளர்க்க வேண்டியிருப்பதன் சங்கடத்தை பிலிப் டார்பிஷயர் 1990களில் விரிவாக எழுதினார். குழந்தையை அதட்டலாமா, அதோடு விளையாடலாமா, அழலாமா, எல்லாவற்றையும் யாரோ எடைபோடுவதுபோலவே இருக்கும்.

பங்கைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள்

பறிபோனது பெற்றோர் என்ற பங்கு என்றால், அதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? எஸ்டோனியாவின் தாலின் நகரில் 1979 முதலே, செவிலியர் பற்றாக்குறையால், அடிக் லெவின் என்ற மருத்துவர் தாய்மார்களையே குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவைத்தார். செவிலியர் கற்றுக்கொடுப்பவரானார். இதைப் பார்த்து, கனடாவின் டொரண்டோவில் ஷூ லீ குழுவினர் குடும்பம் இணைந்த பராமரிப்பு என்ற முறையை வகுத்தார்கள். பெற்றோர் நாளுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் குழந்தையோடு இருப்பார்கள். குழாய் வழியே பாலூட்டுவது, டயபர் மாற்றுவது, வெப்பநிலை பார்ப்பது, மருத்துவர் ரவுண்ட்ஸில் குழந்தையைப் பற்றித் தாங்களே சொல்வது எல்லாம் அவர்கள் வேலை. ஊசிமருந்தும் வென்டிலேட்டரும் செவிலியர் கையில்.

கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் சோதித்தார்கள். 2018இல் முடிவு வந்தது. இங்கே குலுக்கியது குழந்தைகளை அல்ல, மொத்த வார்டுகளை. ஏனென்றால் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கப் பழகிய செவிலியர், பக்கத்துக் கட்டிலுக்குப் போனதும் அதை மறந்துவிட்டுப் பழையபடி நடந்துகொள்ள முடியாது. குடும்பம் இணைந்த வார்டுகளில் குழந்தைகளின் எடை நாளுக்குச் சராசரியாக 26.7 கிராம் கூடியது. மற்ற வார்டுகளில் 24.8. சிறு வித்தியாசம்தான், ஆனால் உறுதியானது. பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. ஸ்டாக்ஹோமில் பெற்றோர் இரவும் பகலும் தங்க அறை கொடுத்த ஆய்வில், குறைமாதக் குழந்தைகள் சராசரியாக 5.3 நாள் முன்னதாக வீடு திரும்பின. அது 2010இல். அறைகூட இல்லாமல், தகவல் மட்டும் கொடுத்துச் செய்த சோதனையும் உண்டு. குறைமாதக் குழந்தை எப்படி நடந்துகொள்ளும், பெற்றோர் என்ன செய்யலாம் என்பதை ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் தந்தார் செவிலியர் பெர்னடெட் மெல்னிக். 2006இல் வெளியான அந்த ஆய்வில் தீவிர சிகிச்சை நாட்கள் 3.8 குறைந்தன.

இவ்வளவும் படித்தால் குடும்பத்தை மையமாக வைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். நாளுக்கு ஆறு மணி நேரம் யாரால் வர முடியும்? வீட்டில் இன்னொரு கைக்குழந்தை இருப்பவர், விடுப்பில்லாத வேலையில் இருப்பவர், பஸ் ஏறிப் பாதி நாள் பயணம் செய்ய வேண்டியவர் அந்த ஆய்வுக்குள்ளேயே வந்திருக்க மாட்டார். ஆள் போதாத வார்டில் இதே முறை, செவிலியர் வேலையைத் தாயின் தலையில் கட்டுவதாக மாறிவிடவும் கூடும். சான்றும் எல்லா வயதுக்கும் ஒரே அளவில் இல்லை. மருத்துவமனையில் உள்ள 12 வயது வரையிலான குழந்தைகளுக்குக் குடும்ப மையப் பராமரிப்பு பலன் தருகிறதா என்று, ஆஸ்திரேலிய செவிலிய ஆய்வாளர் லிண்டா ஷீல்ட்ஸ் குழுவினர் கண்டிப்பான தரத்தோடு 2012இல் தேடியபோது தேறியது ஒரே ஓர் ஆய்வு. உலகெங்கும் வார்டுச் சுவர்களில் எழுதி வைக்கப்பட்ட கொள்கைக்கு அவ்வளவுதான் கையிருப்பு. பெற்றோரை உள்ளே விடுவது உரிமை சார்ந்தது, அதற்குச் சான்று தேவையில்லை என்பது என் கருத்து. எப்படி உள்ளே விட்டால் யாருக்கு என்ன பலன் என்பதற்குச் சான்று தேவை.

எதிர்பார்த்த பலன் வராத ஆய்வையும் மதிக்கக் கற்க வேண்டும். மார்த்தா கர்லி என்ற செவிலியர் அமெரிக்காவின் 31 சிறார் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,449 குழந்தைகளை வைத்து, மயக்கமருந்தைச் செவிலியர்களே அளந்து குறைக்கும் முறையைச் சோதித்தார். வென்டிலேட்டர் நாட்கள் குறையவில்லை. 2015இல் அதை அப்படியே வெளியிட்டார்கள்.

கேட்கப்படாதவர்கள்

இதுவரை பெற்றோரைப் பற்றியே பேசினேன். நாலு வயதுக் குழந்தைக்கு வாய் இருக்கிறதே. செவிலியர் டோனா வாங், மருத்துவமனையில் குழந்தைகளின் பயத்தைப் போக்க உதவும் நிபுணரான கோனி பேக்கர் இருவரும் 1980களில் உருவாக்கிய முகங்களின் வரிசையைப் பலர் பார்த்திருப்பீர்கள், சிரிக்கும் முகத்திலிருந்து கண்ணீர் விடும் முகம் வரை. குழந்தை விரலால் காட்டினால் போதும். ஆய்வுகளில் படம் வரையச் சொல்கிறார்கள், கேமராவைக் கையில் கொடுத்து வார்டில் பிடித்ததையும் பிடிக்காததையும் எடுக்கச் சொல்கிறார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் குழந்தையின் சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். கையெழுத்து வாங்கியபிறகும் அது தலையைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிட வேண்டும். பெற்றோர் சொல்வதும் குழந்தை சொல்வதும் பல நேரம் ஒத்துப்போகாது. ஊசியின் வலியைவிட, அசையாமல் இருக்க நாலு பேர் அழுத்திப் பிடித்ததே பயமாக இருந்தது என்று குழந்தை சொல்லும்போது, கேள்வியே வேறு பக்கம் திரும்புகிறது.

எந்த ஆய்வைப் படித்தாலும் அதன் நடுப்பகுதியில், யார் பங்கேற்றார்கள் என்று சொல்லும் சிறு பத்தியை முதலில் பாருங்கள். தாய்மார்களே நிறைந்திருப்பார்கள், தந்தையர் ஓரிருவர். மருத்துவமனையின் மொழி தெரியாதவர்களை, மொழிபெயர்ப்பாளருக்குப் பணமில்லை என்று விட்டிருப்பார்கள். பதினாறு வயதுத் தாய் இருக்க மாட்டார். பராமரிப்பு மிக மோசமாக அமைந்தவர் பெரும்பாலும் இங்கேதான் விடுபட்டிருப்பார். 'பெற்றோர் இப்படிக் கருதுகிறார்கள்' என்ற முடிவுரையை அந்தப் பத்தியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

குழந்தையை இழந்தவர்களும் அப்படி விடுபடுகிறவர்கள். ஆறாத புண்ணைக் கிளறிவிடுவோமோ என்று ஆய்வாளர்களும் நெறிமுறைக் குழுக்களும் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் கவனமாக, அவர்கள் விரும்பும் நேரத்தில், வேண்டாம் என்று சொல்ல வழிவிட்டுக் கேட்ட ஆய்வுகளில், பேசியது வலித்தது, ஆனாலும் பேச முடிந்தது நல்லதாக இருந்தது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னவற்றில் பெரிய கருவிகளைப் பற்றி அதிகம் இருக்காது. கடைசி மணி நேரத்தில் டியூப்கள் இல்லாமல் குழந்தையை மடியில் வைத்திருக்க விட்டதைச் சொல்வார்கள். குளிப்பாட்டித் துணி உடுத்த உதவிய செவிலியரைச் சொல்வார்கள். அவர் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்தார் என்பதையும்.